கண்டோர் கூற்று: சான் பிரான்சிஸ்கோ சிட்டி ஹாலில் எங்கள் திருமணம்

"தாலி கட்டறப்ப உன் மொகம் படத்துல நல்லாத் தெரியோணும் கண்ணு" என்று அம்மா ஈரோட்டிலிருந்து தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எங்கள் திருமண நாளை எப்படித் திட்டமிட வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. அதற்கு முன் ஒரு மாத காலம் நானும் அவரும் இரவு நேரங்களில் அழகான திருமணப் படங்களைப் பார்த்துச் சேமித்துக்கொண்டிருந்தோம். பளிங்குப் படிக்கட்டில் நீண்ட வெள்ளை அங்கி வழிய நிற்கும் மணப்பெண்கள், மூடுபனிக்கு நடுவில் முத்தமிடும் இணையர், கேபிள் கார் படியில் தொங்கியபடி சிரிப்பவர்கள் என எல்லாமே கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் அந்தப் படங்களில் ஒன்றுகூட அம்மாவின் வேண்டுகோளுக்குப் பதில் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஒரு திருமணம் என்று பலர் கேட்டார்கள். பெரியவர்களின் எதிர்ப்பு எதுவும் இல்லை. இருவருமே எச்1பி விசாவில் பணிபுரிகிறோம். கடவுச்சீட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகிவிட்டதால், ஊருக்குப் போனால் புதிய முத்திரைக்கான நேர்காணல் தேதி எப்போது கிடைக்கும், குறித்த நாளில் வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. என் மாமனாரின் உடல்நிலையோ திருநெல்வேலியிலிருந்து நீண்ட விமானப் பயணத்தைத் தாங்கும் நிலையில் இல்லை. ஆகவே இரு வீட்டாரின் சம்மதத்தோடு இங்கேயே சிறிய அளவில் திருமணம் செய்துகொண்டு, சூழல் இடம்கொடுக்கும்போது ஊரில் வரவேற்பு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். விருந்தினர் கூட்டமின்றி, மணமக்களும் ஒரு புகைப்படக்காரரும் இரண்டொரு நண்பர்களும் மட்டும் நகரத்துக்குள் நடத்திக்கொள்ளும் இத்தகைய திருமணத்தை அமெரிக்கர்கள் இப்போது எலோப்மென்ட் என்றே அழைக்கிறார்கள். ஓடிப்போவது என்ற பழைய பொருள் அந்தச் சொல்லிலிருந்து பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது.

நம் மொழியில் இதற்கு இணையாக எனக்கு நினைவுக்கு வந்தது சங்க அகப்பாடல்களின் உடன்போக்கு. தலைவி தலைவனோடு பாலை வழியே போய்விடுகிறாள். பின்தொடரும் செவிலித்தாய் வழியில் எதிர்ப்படுவோரிடமெல்லாம் அவளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். அவர்களைப் பார்த்தவர்கள் பேசுவதாகவே சில பாடல்கள் அமைந்திருக்கின்றன, அவற்றைக் கண்டோர் கூற்று என்கிறோம். மகளின் திருமணத்தைக் காண முடியாத ஒரு தாய்க்குக் கண்டவர் சொல்லும் சொல்தான் ஆறுதல். எங்கள் திருமணப் புகைப்படங்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுவே என்று நினைத்தேன். ஐந்நூறு பேர் வந்து கண்ணால் காணும் மண்டபத் திருமணத்தில் புகைப்படம் கூடுதலான ஓர் ஏற்பாடு. ஆறே பேர் நிற்கும் திருமணத்தில், வராத அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான் கண்.

அதனால் அம்மாவிடமும் அத்தையிடமும் தனித்தனியே ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் நேரில் இருந்தால் எந்த ஐந்து நொடிகளைத் தவறவிடாமல் பார்ப்பீர்கள்? அம்மா தயங்காமல் சொன்னார். தாலி ஏறும்போது என் முகம், மூன்றாவது முடிச்சு போடும் கை, மெட்டி போடும் கால், தலையில் பூ எவ்வளவு இருக்கிறது என்று தெரியும்படி பின்னாலிருந்து ஒரு படம், பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பது. அத்தை கேட்டவற்றில் இரண்டு மட்டும் வேறு. மகன் வேட்டி கட்டியிருக்கும் முழு உயரப் படம் ஒன்று, எல்லாம் முடிந்த பிறகு அவர் சாப்பிடும் படம் ஒன்று. இந்த ஏழு படங்களையும் தாளில் எழுதிப் புகைப்படக்காரரிடம் கொடுத்தோம். மற்ற படங்களை அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டோம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்கு இரண்டாவது எண்ணமே எழவில்லை. 1906 நிலநடுக்கத்தில் முந்தைய கட்டடம் இடிந்துபோன பின், கட்டடக் கலைஞர் ஆர்தர் பிரவுன் ஜூனியரின் வடிவமைப்பில் எழுந்து 1915இல் திறக்கப்பட்டது இப்போதைய சிட்டி ஹால். 307 அடி உயரக் குவிமாடமும், அதன் கீழே ரோஜா நிறச் சாயல் கொண்ட டென்னசி பளிங்குத் தரையும், அங்கிருந்து விரிந்து மேலேறும் பெரும் படிக்கட்டும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும். 1954 ஜனவரியில் நடிகை மர்லின் மன்றோவும் பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவும் மணம் புரிந்தது இந்தக் கட்டடத்தில்தான். ஆனால் என்னை அதிகம் தொட்டது 2004ஆம் ஆண்டின் கதை. அந்தப் பிப்ரவரியில் நகர நிர்வாகம் ஒருபாலின இணையருக்குத் திருமண உரிமம் கொடுக்கத் தொடங்கியபோது, மழையில் வரிசையில் நின்று ஏறத்தாழ 4,000 இணையர் இங்கே மணம் செய்துகொண்டார்கள். சில மாதங்களில் நீதிமன்றம் அந்தத் திருமணங்களைச் செல்லாதவை என அறிவித்தது. இருந்தும் அந்த நாட்களில் எடுக்கப்பட்ட படங்கள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கின்றன. படிக்கட்டின் உச்சியில், ஒருபாலினத்தவர் உரிமைக்காகப் போராடிய நகரத் தலைவர்களில் ஒருவரான ஹார்வி மில்க்கின் மார்பளவுச் சிலைக்கு அருகில் நின்றபோது அது என் நினைவில் இருந்தது.

இங்கே திருமணத்துக்கு இரண்டு தனித்தனி முன்பதிவுகள் வேண்டும், ஒன்று உரிமத்துக்கு, மற்றொன்று சடங்குக்கு. உரிமம் வாங்கக் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்கு இருவரும் அடையாளச் சான்றோடு நேரில் போக வேண்டும். குடியுரிமையோ கலிபோர்னியாவில் வசிப்பதோ கட்டாயமில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. வாங்கிய உரிமம் 90 நாட்களுக்குச் செல்லும். சடங்குக்கான இடத்தையும் 90 நாட்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்ய முடியும் என்பதால், தேதி திறக்கும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காலையிலேயே பதிவு செய்தோம். வழக்கமான பொது உரிமத்துக்குக் குறைந்தது ஒரு சாட்சி வேண்டும்.

தமிழர்கள் இதில் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது பெயர். திருமணத்துக்குப் பின் எந்தப் பெயரோடு இருக்கப் போகிறோம் என்பதை உரிமப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதியதை மனம் மாறிப் பின்னர் மாற்ற நினைத்தால் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். அதை எடுத்துவிட்டு என் கணவரின் பெயரை வைத்தால், அவருடைய குடும்பப் பெயரும் அவருடைய அப்பாவின் பெயர்தான் என்பதால், நான் என் மாமனாரின் பெயரைச் சுமக்க வேண்டியிருக்கும். இருவரும் பேசி, அவரவர் பெயரை அப்படியே வைத்துக்கொண்டோம். கடவுச்சீட்டு, விசா ஆவணங்கள், வங்கிக் கணக்கு எதையும் தொடாமல் இருக்க முடிந்தது இதில் கிடைத்த நன்மை. ஆனால் படிவத்தில் என் அப்பாவின் பெயரை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியதற்குக் காரணம் அந்த நன்மை இல்லை.

நாள் குறிப்பதில் அம்மாவின் நாட்காட்டியும் நகரத்தின் வானிலையும் வியக்கும்படி ஒத்துப்போயின. சான் பிரான்சிஸ்கோவின் கோடை மணமக்களை ஏமாற்றக்கூடியது. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடாகும்போது மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கோல்டன் கேட் இடைவெளி வழியே உள்ளே இழுக்கப்படுகிறது, அதோடு மூடுபனியும் வந்து சேர்கிறது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கோல்டன் கேட் பாலத்தைக் காண முடியாமல் திரும்புகிறவர்கள் பலர். செப்டம்பர், அக்டோபரில்தான் வானம் பெரும்பாலும் தெளிவாகவும் வெப்பமாகவும் இருக்கும். புரட்டாசியில் கல்யாணம் வேண்டாம் என்று அம்மா சொன்னதால் அக்டோபர் பதினெட்டுக்குப் பிந்தைய ஐப்பசி நாட்களைப் பார்த்தோம். சிட்டி ஹாலில் இந்தச் சடங்கு வார நாட்களில் மட்டுமே நடக்கும். ஒரு புதன்கிழமை காலை 9 மணி கிடைத்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அப்பா மகிழ்ந்தார். தினசரிக் காலண்டர்ப்படி எமகண்டம் 9 மணிக்கு முடிகிறது என்று அம்மா நிம்மதியானார்.

9 மணியை நாங்கள் விரும்பியதற்கு வேறு இரண்டு காரணங்களும் இருந்தன. அந்தப் பருவத்தில் கலிபோர்னியாவுக்கும் இந்தியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு, எனவே ஊரில் இரவு ஒன்பதரை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து பார்க்க ஏற்ற நேரம். நண்பகலை எடுத்திருந்தால் பாட்டி விழித்திருக்க மாட்டார். அடுத்த காரணம் படிக்கட்டு. நண்பகல் நெருங்க நெருங்க மணமக்களும் சுற்றுலாப் பயணிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நிறைந்துவிடுவார்கள். முதல் அரை மணி நேரத்தில் மட்டும் அந்தப் பெரும் படிக்கட்டை ஆளில்லாமல் படம் எடுக்கும் வாய்ப்பு உண்டு.

சடங்குக்குப் புகைப்படக்காரரையும் சேர்த்து ஆறு பேர்தான் உடன் வரலாம். இந்தக் கணக்குக்காக நாங்கள் வருந்திய இரவுகள் உண்டு. இறுதியில் என் தம்பி, என் கணவருக்கு அக்கா முறையாகும் சாக்ரமென்டோ உறவினர், சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு தோழி, வீடியோ அழைப்பைப் பிடிக்க ஒரு நண்பர், சன்னிவேலில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் அக்கா, புகைப்படக்காரர் என்று முடிவானது. வீடியோவுக்கென்றே ஒருவரை ஒதுக்கியது மிகச் சரியான முடிவு. குவிமாடத்தின் கீழே ஒலி எதிரொலித்துக் கலைந்துவிடும், அதே நேரத்தில் அருகிலேயே வேறு இணையரின் சடங்கும் நடக்கலாம். ஆகவே என் கணவர் வேட்டியின் மேல் அணிந்த சட்டையில் ஒரு சிறிய காலர் மைக்கைப் பொருத்தி அதைத் தொலைபேசியோடு இணைத்தோம். நாங்கள் சொன்ன உறுதிமொழி ஈரோட்டிலும் திருநெல்வேலியிலும் ஒரு சொல் விடாமல் கேட்டது.

இனி ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் கற்றது அதில்தான். சிட்டி ஹால் வார நாட்களில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது, பாதுகாப்புச் சோதனை முடிந்தால் யாரும் உள்ளே போகலாம். ஒரு வாரம் முன்னதாக அரக்கு, மயில்கழுத்து, இலைப்பச்சை ஆகிய மூன்று நிற ரவிக்கைத் துணிகளை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு தளத்திலும் பிடித்துப் பார்த்துத் தொலைபேசியில் படம் எடுத்தேன். குவிமாடத்தின் கீழே மேலிருந்து இறங்கும் பகலொளியும் விளக்குகளின் மஞ்சளும் கலந்திருந்தன. அங்கே என் அரக்குத் துணி காப்பித்தூள் நிறத்தில் தெரிந்தது. நான்காம் தளத்தில், பெரிய வளைவு ஜன்னல்களுக்கு அருகில் அதே துணி தன் இயல்பான நிறத்துக்குத் திரும்பியது. கூறைப்புடவை அரக்கில்தான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, அதை மாற்ற எனக்கு மனமில்லை. ஆகவே புகைப்படக்காரர் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைத் துணியைக் காட்டி நிறச் சமநிலையைக் கையால் அமைத்துக்கொண்டார்.

அவரிடம் நான் முன்கூட்டியே சொன்ன மற்றொன்று எங்கள் தோலின் நிறம். இந்தக் கட்டடத்தின் சுவர், தூண், தரை எல்லாம் வெளிறிய கல். இங்கே பெரும்பாலும் எடுக்கப்படுவது வெள்ளை அங்கி. கேமராவைத் தானியங்கி அளவில் விட்டால் அது சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கண்டு படத்தின் ஒளியைக் குறைத்துவிடும், நம் முகங்கள் கருத்து விவரம் இழந்துவிடும். நான் முதலில் பேசிய ஒரு புகைப்படக்காரரின் மாதிரித் தொகுப்பில் மாநிறமான மணமக்களின் முகங்கள் அப்படித்தான் மங்கியிருந்தன, கணினியில் பின்னர் வெளுப்பாக்கிக் கொடுப்பதாக அவர் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பேசியவர் ஒளியை முகத்தில் அளந்து எடுப்பேன், பின்னாலுள்ள கல் சற்று வெளிறினால் வெளிறட்டும் என்றார். அவரையே அமர்த்தினோம். நேரடி ஃபிளாஷ் அடித்தால் சரிகை கண்ணாடிபோல் வெள்ளையாகத் தெறிக்கும் என்பதால் அதைத் தவிர்க்கவும் கேட்டுக்கொண்டோம். புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அவருடைய சிறந்த இருபது படங்களைப் பார்த்து நிறைவடையாமல், நம் நிறத்தில் இருப்பவர்களுக்கு அவர் எடுத்த ஒரு முழுத் திருமணத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

திருமண நாள் அதிகாலையில் ஃபிரீமான்டிலிருந்து பார்ட் ரயிலில் சிவிக் சென்டர் நிலையம் வந்தோம். கார் நிறுத்த இடம் தேடும் பதற்றம் இல்லை. அலுவலகம் செல்லும் கூட்டத்தில் பட்டுச்சேலையும் வேட்டியுமாக நாங்கள் இருவர் நின்றதைக் கண்டு முன்பின் அறியாத ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். பூ என் மடியில் ஈரத்துணியில் சுற்றியிருந்தது. அடுத்த வீட்டு அக்கா தன் வீட்டுச் செடியில் பறித்ததோடு எல் கமினோ சாலையில் உள்ள இந்தியக் கடையிலும் வாங்கி, முந்தைய இரவு முழுவதும் உட்கார்ந்து நெருக்கமாகக் கட்டியது அது.

சடங்கு சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதை அறிந்தே போகவேண்டும். திருமண ஆணையராக வந்த அம்மையாரிடம் மோதிரம் மாற்றும் இடத்தில் தாலி கட்ட விரும்புகிறோம் என்று முன்னதாகவே சொல்லி அனுமதி கேட்டோம். அவர் அது எப்படி நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்களுக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். என் கணவர் இரண்டு முடிச்சுகள் போட, மூன்றாவதைச் சாக்ரமென்டோ அக்கா போட்டார். அந்த நேரத்தில் என் முகம் ஜன்னல் ஒளியைப் பார்த்து இருக்கும்படியும், முடிச்சிடும் கைகள் என் முகத்தை மறைக்காதபடியும் நாங்கள் வீட்டிலேயே நான்கைந்து முறை நின்று பழகியிருந்தோம். அது செயற்கை என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்காக ஒரு பக்கம் நகர்ந்து நிற்பது அது.

உள்ளே தீ வளர்க்க முடியாது. அரிசியோ பூவிதழோ தூவவும் கூடாது. அட்சதையை ஊரில் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரையின் மேல் தூவினார்கள் என்று பின்னர் தெரிந்தது. அம்மியும் இல்லை. பெரும் படிக்கட்டின் படி ஒன்றில் நான் கால் வைக்க, அவர் கீழே அமர்ந்து மெட்டி அணிவித்தார். ஈரோட்டு வீட்டின் கருங்கல் அம்மியின் இடத்தில் ரோஜா நிறப் பளிங்கு. அந்தப் படத்தில் என் காலும் அவர் விரல்களும் கல்லின் நரம்போட்டமும் மட்டுமே இருக்கின்றன. எங்கள் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சேலையில் படியிறங்குவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். நீண்ட அங்கி படிகளில் தானே வழிந்து அழகாக அமரும், கொசுவமோ காலில் சிக்கும். கொசுவத்தை இடக்கையால் சற்றே தூக்கிப் பக்கவாட்டாக இறங்கினால் முந்தானை பின்படியில் விரிந்து கிடக்கும், கீழிருந்து எடுக்கும் படத்துக்கு அது போதும். அவருடைய வேட்டி முழு உயரப் படத்தை நான்காம் தள ஜன்னல் அருகே எடுத்தோம். பதினொரு மணிக்கெல்லாம் கட்டடத்தை விட்டு வெளியேறிவிட்டோம். நகரத்துக்குள் இருக்கும் தோழியின் வீட்டில் சாம்பாரும் வடையும் பாயசமும் காத்திருந்தன. அத்தை கேட்ட படம் அங்கே கிடைத்தது. பிறகு மூன்று மணிவரை நன்றாகத் தூங்கினோம். மாலைக்கு எட்டு இடங்கள் என்று முதலில் போட்டிருந்த பட்டியலை இரண்டாகக் குறைத்ததால்தான் அந்தத் தூக்கம் கிடைத்தது, மாலைப் படங்களில் எங்கள் முகம் களைப்பின்றி இருப்பதற்கும் அதுவே காரணம்.

மாலையில் மயில்கழுத்துச் சேலைக்கு மாறிக்கொண்டு பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போனோம். சிட்டி ஹால் திறந்த அதே 1915இல் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டடக் கலைஞர் பெர்னார்ட் மேபெக் தற்காலிகமாக எழுப்பியது அது. மக்கள் இடிக்க மனமின்றி வைத்திருந்து, 1960களில் கான்கிரீட்டில் மீண்டும் கட்டினார்கள். தூண்களின் உச்சியில் முகத்தை உட்புறம் திருப்பி அழுவதுபோல் நிற்கும் பெண் சிலைகள் உண்டு. திருமணப் படத்தில் அவை பின்னால் வர வேண்டாம் என்று என் கணவர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது, குளத்தின் மறுகரைக்குப் போய் நீரில் விழும் குவிமாடத்தின் நிழலோடு எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கிரிஸி ஃபீல்ட் கடற்கரை பக்கம்தான். அந்த வாரத்தில் சூரியன் ஆறேகாலுக்குச் சற்றுப் பின்னர் மறைந்தது. மறைவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் பாலத்தின் செம்மஞ்சளும் சேலையின் நீலப்பச்சையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டின. காற்று முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தது, ஊக்குகளை இரட்டிப்பாகக் குத்தியிருந்தது உதவியது.

சடங்கு நடத்தியவர் உரிமத்தில் கையெழுத்திட்டுப் பதிவுக்குத் திருப்பி அனுப்புவதோடு அலுவலக வேலை முடிந்துவிடாது. சான்றிட்ட நகலை நாமே விண்ணப்பித்துப் பெற வேண்டும். இந்தியப் பயன்பாட்டுக்கு ஒரு நகலின் மேல் கலிபோர்னியா மாநிலச் செயலரின் அப்போஸ்டில் முத்திரையையும் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) வாங்கி வைத்தோம்.

படங்கள் ஆறு வாரத்தில் வந்தன. கணினியில் அனுப்பியதோடு நிறுத்தாமல், பாட்டியின் கண்ணுக்கு எட்டும்படி பெரிய தாளில் அச்சிட்ட ஒரு தொகுப்பை ஊருக்குப் போன நண்பரிடம் கொடுத்தனுப்பினோம். பாட்டி அதை இரண்டு நாள் வைத்துப் பார்த்திருக்கிறார். படிக்கட்டையும் பாலத்தையும் தாண்டி, என் பின்தலைப் படத்தில் நின்று, இவ்வளவு நெருக்கமாக இந்தப் பூவைக் கட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். அம்மா ஆறு பேர் நிற்கும் படத்தைத் திருப்பி அடுத்த வீட்டு அக்காவைக் காட்டியிருக்கிறார். அந்த நண்பர் திரும்பி வந்தபோது அவருடைய பையில், சன்னிவேல் அக்காவுக்கென்று பாட்டி எடுத்துக் கொடுத்த ஒரு சென்னிமலைக் கைத்தறிச் சேலை இருந்தது.